மைதானத்தில் கோச் சொல்கிறார்... போனில் யார் சொல்கிறார்கள்?

பொங்கல் வந்தாலே டெல்டா கிராமங்களில் கபடிக் களம் தயாராகிவிடும். மன்னார்குடி பக்கத்து வடுவூர் போல கபடிக்கென்றே பெயர் வாங்கிய ஊர்களும் இங்கே உண்டு. தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் தொடங்கி கிராமத்துப் பள்ளி மைதானம் வரை, அப்பா பேச்சைத் தட்டுகிற பையன்கூட 'சார் சொன்னார்' என்றால் கேட்டுக்கொள்வான்.

ஆனால், பயிற்சி முடிந்து போனைக் கையில் எடுத்ததும் அவனுக்கு வேறு சில 'சார்'கள் பாடம் எடுக்க ஆரம்பிக்கிறார்கள்.

உடற்பயிற்சியில் தொடங்கும் வலை

'உடம்பை ஏத்து, பணம் சம்பாதி' என்றுதான் அந்த வீடியோக்கள் தொடங்கும். மெல்ல மெல்ல, 'பொண்ணுங்களை நம்பாதே, அழுறவன் ஆம்பளையே இல்லை' என்று போகும். இந்தப் பேச்சால் உலகம் முழுக்கப் பிரபலமான ஆண்ட்ரூ டேட், முன்னாள் கிக் பாக்ஸிங் வீரர். விளையாட்டுப் பையன்களுக்கு இப்படிப்பட்டவர்கள் ஹீரோவாகத் தெரிவதில் ஆச்சர்யமில்லை.

2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'அடோலசன்ஸ்' தொடரில், இன்ஸ்டாகிராம் எமோஜிகளுக்குப் பின்னால் இருக்கும் வன்மம் விசாரணை அதிகாரிக்கே புரியாது. அவருடைய மகன்தான் விளக்குவான். பல கோச்சுகளின் நிலைமையும் அதுதான்.

நம்மூரில் சாதி முகம்

தமிழ்நாட்டில் இந்த 'கெத்து'க்குச் சாதி நிறமும் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறுகளுக்கும், பள்ளிக்குள் செல்போனுக்கும் தடை வேண்டும் என்றது.

2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போன 11-ம் வகுப்பு மாணவர் வெட்டப்பட்டார். கபடியில் தோற்ற ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தினர் கூறினர்.

இவற்றுக்கெல்லாம் ரீல்ஸ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், சாதிப் பாட்டு பின்னணியில் அரிவாளைக் காட்டும் ரீல்ஸ், ஆறவேண்டிய பகையை ஆறவிடுவதில்லை. களத்தில் விசிலோடு முடியவேண்டிய போட்டி, கமென்ட்டில் இரவு முழுக்கத் தொடர்கிறது.

மும்பை காட்டிய வழி

கோச்சால் என்ன செய்ய முடியும்? அமெரிக்காவில் 'கோச்சிங் பாய்ஸ் இன்டு மென்' என்றொரு திட்டம் இருக்கிறது. பயிற்சியோடு பயிற்சியாக, வாரம் ஒருநாள் சுமார் 15 நிமிடம், பெண்களை மதிப்பது பற்றி கோச் பேசுவார். கலிஃபோர்னியாவில் 16 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. நண்பன் தவறு செய்யும்போது தட்டிக்கேட்பது, இந்தப் பேச்சைக் கேட்ட வீரர்களிடம் அதிகமாக இருந்தது.

இதையே மும்பையில் 'பரிவர்த்தன்' என்ற பெயரில் கிரிக்கெட் கோச்சுகளை வைத்துச் செய்தார்கள். தஞ்சாவூரில் கபடி கோச்சும் பி.டி. சாரும் செய்ய முடியாதா என்ன?

இன்றே தொடங்கலாம்

* 'போனைக் கொடு' என்று பிடுங்காதீர்கள். 'இதுக்கு என்ன அர்த்தம்டா தம்பி, எனக்குச் சொல்லிக் கொடு' என்று கேளுங்கள்.
* 'பொம்பள மாதிரி ஆடாதே' என்று களத்தில் நீங்களே திட்டினால், அந்த வீடியோக்காரர் சொல்வதற்கு நீங்களும் சாட்சி ஆகிவிடுகிறீர்கள்.
* டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் சாதி, பெண்கள் பற்றிய கேலிக்கு இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மீறியவரைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.
* தோற்ற அன்று மாலை பையன்களிடம் பேசாமல் அனுப்பாதீர்கள்.
* திடீரென ஒதுங்குகிறவன், தூங்காதவன், பழைய நண்பர்களை விட்டு விலகுகிறவன்... இவர்களைக் கவனியுங்கள்.

மிரட்டல் அல்லது தாக்குதல் பேச்சு தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். மாணவர் உதவி எண் 14417, சிறார் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416, சைபர் குற்றப் புகாருக்கு 1930.

பெற்றோர்களே, உங்கள் பையனின் கோச் நம்பர் உங்கள் போனில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்று மாலை மைதானத்துக்கு ஒரு நடை போய் வாங்கி வையுங்கள்.