வெந்நீர் வாளி போதாதா?

பூஜா லீவில் டார்ஜிலிங் போய் வந்த நம்மவர்களிடம் "ஹோட்டல் எப்படி?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே தினுசாக இருக்கும். லிஃப்ட் இருந்தது, இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் வந்தது, டிவியில் தமிழ் சானல் வந்தது. அதாவது கல்கத்தாவில் பூட்டிவிட்டு வந்த ஃபிளாட் அங்கேயும் இருந்தது! இல்லாவிட்டால், "பழைய கட்டடம் ஸார், தரை கிறீச்சிடுகிறது" என்பார்கள்.

அந்தப் பழைய கட்டடத்தின் சார்பில் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

டார்ஜிலிங் அப்சர்வேட்டரி குன்றின் மேல் விண்டமியர் என்ற ஹோட்டல் இருக்கிறது. 1880களில் தேயிலைத் தோட்டத்துப் பிரம்மச்சாரி துரைமார்கள் தங்கும் விடுதியாக ஆரம்பித்து, 1939ல் ஹோட்டலாயிற்று. சிக்கிம் பட்டத்து இளவரசர் 1959ல் ஹோப் குக் என்ற அமெரிக்கப் பெண்ணை முதலில் சந்தித்தது இங்கேதான், 1963ல் கல்யாணம். எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். என் போன்ற என்ஜினீயருக்கு அதைவிட ருசியான விஷயம், அது உட்கார்ந்திருக்கும் விதம். ஒரே பெரிய கட்டடமாக நிமிர்ந்து நிற்காமல், குன்றின் போக்குக்கு இணங்கித் தாழ்வாகப் பரவிக் கிடக்கிறது. அறையில் கணப்பு, படுக்கையில் வெந்நீர்ப் பை.

மலை ரயிலைப் போட்டவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். 1881ல் டார்ஜிலிங்கை எட்டிய அந்த இரண்டடி அகலப் பாதையில் ஒரு குகை கிடையாது. மலையைக் குடையாமல், சுற்றியும் பின்வாங்கியும் ஏறி, 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் ஸ்டேஷனைத் தாண்டுகிறது. மலையோடு மல்லுக்கு நிற்காத வேலைதான் நிலைத்தது. 1999ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

போன முறை நானும் மனைவியும் தங்கியது விண்டமியரில் அல்ல; பென்ஷன்காரனுக்கு அது கட்டுபடியாகாது. சௌரஸ்தாவுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு நேபாளிக் குடும்பம் நடத்தும் மர வீடு. மரச்சட்டம், நாணல் தட்டியின் மேல் பூச்சு, தகரக் கூரை. மழை பெய்தால் பேச முடியாது, அவ்வளவு சத்தம். காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரம்மாள் ஆளுக்கொரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். முதல் நாள் முகம் சுளித்த என் மனைவி, மூன்றாம் நாள் சமையலறையில் அவரோடு உட்கார்ந்து ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த லேசான சுவரை ஏளனம் செய்ய வேண்டாம். பூகம்பத்தில் கட்டடம் எத்தனை கனமோ, அதன் மேல் விழும் உதையும் அத்தனை. 1934லும் 2011லும் ஆடிய பூமி அது. அங்கே இப்போது சரிவின் விளிம்பில் ஐந்து ஆறு மாடிக் கான்கிரீட். ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடிதான் தெரியும். மிச்சம் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும். மழைத் தண்ணீர் ஓட வேண்டிய ஓடைகளில் குப்பையும் கட்டட இடிபாடும். 1899ல் சரிந்த மலை, 2025 அக்டோபர் மழையிலும் மிரிக் பக்கம் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. பழி முழுவதையும் ஹோட்டல்கள் மேல் போடுவது நியாயமில்லைதான். ஆனால் பாரத்தில் அவற்றுக்கும் பங்குண்டு.

தண்ணீர் இன்னும் மோசம். ஊருக்கு முக்கிய ஆதாரமான செஞ்சல் ஏரிகள் 1910லும் 1932லும் கட்டப்பட்டவை. அதற்குப் பிறகு ஊர் எத்தனை மடங்கு பெருத்துவிட்டது! உள்ளூர்க்காரர்கள் குடம் வைத்துக் காத்திருக்கிறார்கள். தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். நாமோ ஷவரில் சூடு வரும்வரை திறந்துவிட்டு நிற்கிறோம். ஹோட்டல்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் கேட்கிறோம், அவர் கட்டுகிறார்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்ட் வேண்டாமா என்று ஒரு நண்பர் மடக்கினார். வேண்டியதுதான், ஆனால் இரண்டு மாடி வீட்டில் கீழ் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் லிஃப்டுக்கு வேலை ஏது?

அடுத்த லீவுக்கு சியால்டாவில் டார்ஜிலிங் மெயில் ஏறுகிறவர்கள், அறை பதிவு செய்யும்போது வீடு எத்தனை மாடி, எதனால் கட்டியது என்று விசாரித்துப் பாருங்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அவசியம். மரத்தரை காலையில் ஜில்லென்றிருக்கும். ஆறு இடம் பார்க்கும் ஜீப் டூரில் பாதியைக் கழித்துவிடலாம். நவம்பரில் வானம் தெளிந்திருந்தால், கிழக்கு வெளுக்கும்போது படுக்கையை விட்டு எழுந்து வெளியே நாலு அடி வைத்தால் போதும், கஞ்சன்ஜங்கா தெரியும்.