வில் செய்யத் தெரிந்த பையனை ரவுடி என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம பழைய வண்ணாரப்பேட்டைப் பெண் பவானி தேவியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பிக்கில் வாள்சண்டைக்குப் போன முதல் இந்தியர். 2004ல் பள்ளியில் அந்த விளையாட்டைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது மூங்கில் குச்சி. நிஜ வாளுக்கு விலை அதிகம், பயிற்சிக்கெல்லாம் கட்டுப்படியாகாது. 2021ல் டோக்கியோவில் அவர் ஆடியபோது நாமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து கைதட்டினோம். வடசென்னைப் பெண் கையில் வாளா என்று அன்றைக்கு யாரும் பயப்படவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் பதினோராவது படிக்கிற ஒரு பையன் சொந்தமாக வில் செய்திருக்கிறான். அவன் அப்பா துறைமுகத்தில் சுமை வேலை. மாமா காசிமேட்டில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்ப்பவர். பையன் மொட்டை மாடியில் வில்லை எடுத்து நின்றதைப் பார்த்துவிட்டுத் தெருவில் ஒரே பேச்சு. ஒரு பெரியவர் என்னிடமே வந்து கேட்டார்: "நம்ம ஏரியா பசங்க கையில எப்பவும் கத்தி இருக்கும்னு சினிமாவுலயே காட்டுறான். இப்ப வில்லு வேறயா டீச்சர்? நீங்களாவது சொல்லக் கூடாதா?"

சொல்லத்தான் போகிறேன். ஆனால் பையனுக்கு அல்ல, பெரியவர்களுக்கு.

முதலில் அந்தப் பையன் என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். சவுக்கு மூங்கில் கடையில் கல்மூங்கில் வாங்கிப் பிளந்து, கடல் காற்று படாமல் வீட்டுக்குள் இரண்டு மாதம் காய வைத்திருக்கிறான். ஈர மூங்கிலில் செய்தால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும், திரும்பி நிமிராது. காய்ந்ததை இழைப்புளி போட்டு மெல்லிய பட்டைகளாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு ஒட்டினான். முதல் தடவை மாமாவிடமிருந்த படகு ரெசினையே தடவினான். அது மூங்கிலில் சரியாகப் பிடிக்காமல் உரிந்து வந்தது. பிறகு மாமாவே எபாக்ஸி பசை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒட்டின பட்டைகளை இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் வாங்கக் காசில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டி, கட்டை அச்சோடு சேர்த்து இழுத்துச் சுற்றிவிட்டான். உலகத்தில் பல இடங்களில் வில் செய்கிறவர்களும் இந்த டியூப் வேலையைத்தான் செய்கிறார்கள். எனக்கு அது தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

எதற்கு அடுக்கு அடுக்காக ஒட்ட வேண்டும், ஒரே கட்டையில் செய்யக் கூடாதா என்று கேட்டேன். (ஓய்வு பெற்றாலும் கேள்வி கேட்கிற பழக்கம் போகவில்லை.) அவன் ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து வளைத்துக் காட்டினான். பக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகின்றன. "இதையே பசை போட்டு ஒட்டிட்டா வழுக்க முடியாது டீச்சர். வளைச்ச நிலையில ஒட்டினா அந்த வளைவு அப்படியே நிக்கும்" என்றான். வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கிற வெளிப்பக்கம் நீள்கிறது, நம்மைப் பார்க்கிற உள்பக்கம் நெருக்கப்படுகிறது, நடுவுக்கு அவ்வளவாக வேலையில்லை. அதனால் உறுதியான மூங்கில் தோல் வெளிப்பக்கம் வர வேண்டும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தவள். இழுவிசையையும் அமுக்க விசையையும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அதற்குப் பிறகுதான் பொறுமையான வேலை. சுவரில் ஆணி அடித்து வில்லை மாட்டி, நாணைக் கயிறு கட்டிக் கீழே இழுத்து, இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பது. எந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, மறுபடி மாட்டிப் பார்ப்பது. மீன் நிறுக்கிற தொங்கு தராசை நாணில் கோத்து அளந்திருக்கிறான். 28 அங்குலம் இழுத்தால் 10 கிலோ, அதாவது சுமார் 22 பவுண்டு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அந்த அளவு போதும்.

எங்கள் ஆசிரியர் பயிற்சியில் தக்ளி நூற்பும் அட்டை வேலையும் இருந்தன. பள்ளியில் கைத்தொழில் பீரியட் என்று ஒன்று இருந்தது. அந்த பீரியட் கணக்கு டீச்சருக்கும் சயின்ஸ் டீச்சருக்கும் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று. கையால் செய்து கற்கிற பிள்ளையை மக்கு என்று பின்பெஞ்சில் உட்கார வைக்கிற வழக்கமும் கூடவே வந்துவிட்டது.

சரி, ஆபத்து இல்லையா? இருக்கிறது. மொட்டை மாடியில் அம்பு விடக் கூடாது என்பதில் நான் அந்தப் பெரியவர் கட்சிதான். பின்னால் சுவர் வேண்டும், சுவருக்கு முன்னால் துணி திணித்த சாக்கு மூட்டை வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டால் வில்லே வெடித்துவிடலாம், அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு மைதானமும் ஒரு பயிற்சியாளரும்தான் வழி. திட்டினால் பையன் மறைவாகப் போய் விடுவான், அது இன்னும் ஆபத்து. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா என்று அரசாங்கமே கொண்டாடி, வில்வித்தைப் போட்டியும் வைக்கிறது. அங்கே பண்பாடு, ராயபுரம் தாண்டினால் ஆயுதமா?

இன்னொன்று. நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் மூங்கிலாலும் மரத்தாலும் இங்கேயே செய்த வில்லுக்கென்று "இந்தியன் ரவுண்ட்" என்ற தனிப் பிரிவே உண்டு. ராஞ்சி ஆட்டோ டிரைவர் மகள் தீபிகா குமாரி மூங்கில் வில்லில்தான் ஆரம்பித்தார். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம். ஆனால் மூங்கில் வில்லோடு போய்த் தங்கம் வாங்கினார் என்று கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. 2006ல் ஜம்ஷெட்பூரில் டாடா வில்வித்தை அகாடமி அவரைச் சேர்த்துக்கொண்டது, முறையான கருவி கொடுத்தது. நடுவில் அந்த வேலை நடக்காவிட்டால் தங்கமும் இல்லை. ஒலிம்பிக் வில்லின் கைகளும் அடுக்கி ஒட்டியவைதான், மூங்கிலுக்குப் பதில் கார்பனும் கண்ணாடி இழையும் வரும். விலை மட்டும் லட்சக் கணக்கில். சுமைத் தொழிலாளி மகன் அதை எங்கே போய் வாங்குவான்?

ஜம்ஷெட்பூரில் ஒரு கம்பெனி செய்ததை எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் நிற்கிற கம்பெனிகள் செய்ய முடியாதா? 2013 கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டும் ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கின்றன. இந்தப் புகையையும் லாரியையும் தினமும் அனுபவிக்கிறவர்கள் எங்கள் பிள்ளைகள். ஒரு அம்பு மைதானம், பத்து வில், ஒரு கோச் என்று கேட்பது பிச்சை இல்லை.

மாநகராட்சிப் பள்ளி மைதானம் ஒன்றில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கூடவே, வாரம் ஒரு பீரியட் படகு வேலை, மர வேலை தெரிந்த நம் ஏரியா ஆட்களையே வரவழைத்து வில் செய்யச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கவுன்சிலரைப் பார்க்கப் போகிறேன். கூட வரச் சம்மதம் உள்ளவர்கள் கமெண்டில் பேர் போடுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், மனுவுக்குக் கையெழுத்துதான் வேண்டும்.