அர்ஜென்டினாக் கட்சி

தன் தேசம் ஆடாத ஒரு பந்தயத்தைக் காண்பதற்காகக் கடல் கடந்து போகிறவனை உற்றார் உறவினர் சற்றே அநுதாபத்தோடு பார்ப்பது உலக இயல்பு. 1950-ஆம் ஆண்டு பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பையில் ஆட இடம் கிடைத்தும் போகாமல் இருந்துவிட்ட நம் நாடு, அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்கவே இல்லையாதலால், கால்பந்தில் பைத்தியம் கொண்ட இந்தியன் ஒவ்வொருவனும் ஏதாவது ஓர் அந்நிய தேசத்தின் கட்சியில் போய்ச் சேர வேண்டியவனாகிறான். அவன் சேரும் கட்சி நிஜமானதா, வெறும் வேஷமா என்ற கேள்வி 2022-ஆம் ஆண்டு கத்தாரில் பகிரங்கமாகவே எழுப்பப்பட்டது. அந்தக் கேள்வியின் சூடு ஆறாத நாட்களில்தான், நவம்பர் 22-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும் மோதிய ஆட்டத்தை நான் பார்த்தேன்.

ஆட்டம் பகல் ஒரு மணிக்கு. அந்த நாட்களில் கத்தாருக்குள் காலடி வைப்பதற்கே வெளிநாட்டு ரசிகனிடம் ‘ஹய்யா’ என்னும் அடையாள அட்டை இருக்க வேண்டியிருந்தது. அது இருந்துவிட்டால் மெட்ரோ ரயிலில் கட்டணம் வாங்கவில்லை. தோஹாவிலிருந்து வடக்கே லுசைலை நோக்கிச் செல்லும் சிவப்புப் பாதை வண்டியில் அன்று காலை பச்சைக்கும், நீலமும் வெள்ளையுமான பட்டைக்கும் மத்தியில் வேறு நிறத்துக்கு இடமில்லை. பச்சைச் சட்டைக்காரர்களில் பெரும்பாலோர் தரை மார்க்கமாக, பாலைவனத்து எல்லைச் சாவடியைக் கடந்து, சொந்தக் காரிலேயே வந்தவர்கள். அந்தச் சாவடியைச் சவூதி அரேபியா 2017-ஆம் ஆண்டு மூடி, மூன்றரை வருஷ காலம் கத்தாரோடு முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தது என்பதையும், 2021 ஜனவரியில்தான் சமாதானம் ஏற்பட்டது என்பதையும் நினைத்துப் பார்த்தால், அன்றைய தினம் கத்தார் அமீர் தமீம் பின் ஹமத் சவூதிக் கொடியைத் தம் தோளில் போர்த்திக்கொண்டு அரங்கில் அமர்ந்திருந்த காட்சியின் விசேஷம் விளங்கும். மன்னர்களே கட்சி மாறிக்கொள்ளும்போது பிரஜைகளைக் கேட்பானேன்?

எனக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு ஆசனம்; வெளிநாட்டாருக்கு அதுவே கடைசி வகுப்பு, விலை 250 ரியால். கத்தாரில் வசிப்பவர்களுக்கு மாத்திரம் நாலாம் வகுப்பு என்று ஒன்று இருந்தது. முதல் சுற்று ஆட்டங்களுக்கு அதன் விலை 40 ரியால்தான். அந்த நாட்டில் சட்டம் விதித்திருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம், உணவும் இருப்பிடமும் நீங்கலாக, 1000 ரியால் என்பதை இதோடு சேர்த்துக் கணக்கிட்டால், அந்த நாலாம் வகுப்பு இல்லையேல் மைதானத்தைக் கட்டியவர்களில் எத்தனை பேர் அதற்குள் ரசிகராக நுழைந்திருக்க முடியும் என்பது தெரியவரும். என் ஆசனத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் நாலாம் வகுப்பு ஆரம்பமாயிற்று. கம்பியை ஒட்டி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர்; தூத்தூருக்குப் பக்கம். முப்பத்தைந்து பிராயம் இருக்கும். ஒரு கம்பெனியில் சாரம் கட்டும் வேலை. அன்று பகல் டூட்டியை இரவு டூட்டிக்கு மாற்றிக்கொண்டு, கேம்பிலிருந்து மூன்று சிநேகிதர்களோடு வந்திருந்தார். மெஸ்ஸியின் பத்தாம் எண் பதித்த அவருடைய ஜெர்ஸி ஏதோ ஒரு கடையில் சகாய விலைக்கு வாங்கியது. ‘1’ என்ற இலக்கத்தின் அடிப்பாகம் பசை விட்டு எழும்பிக்கொண்டே இருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துச் சிநேகிதர் தம் கட்டைவிரலால் அதை அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அது வெகு நாட்களாகப் பழகிப்போன காரியம் போலிருந்தது.

“தம்பி, அர்ஜென்டினாவோட உங்களுக்கு எப்படிச் சம்பந்தம் வந்தது?” என்று கேட்டேன்.

“எங்க அப்பா காலத்துச் சம்பந்தம், சார். 86-ல ஊருக்கே ஒரு டிவி. மரடோனா ஆட்டத்தைப் பாத்துட்டுத்தான் விடியக்காலம் கடலுக்குப் போனாங்களாம். எங்க ஊருல பாதிப் பேரு அர்ஜென்டினா, பாதிப் பேரு பிரேஸில். பொண்ணு பாக்கப் போகையில மட்டுந்தான் அதைக் கேக்கறதில்ல.”

நம் நாட்டில் கேரளத்திலும் வங்காளத்திலும் குமரிக் கடற்கரையிலும் வேரூன்றியிருக்கும் அர்ஜென்டினா பக்தியின் சரித்திரத்தை ஆராய்கிறவர்கள் எத்தனை ஏடுகளைப் புரட்டினாலும் இந்தச் சில வாக்கியங்களுக்கு மேல் அதிகமாக ஒன்றும் கண்டுபிடித்துவிட முடியாது என்றே நினைக்கிறேன். 1986-ஆம் ஆண்டு மெக்ஸிகோவில் நடந்த பந்தயங்கள் தூர்தர்ஷனில் வந்தன. நாலு வருஷங்களுக்கு முன் ஃபாக்லாந்துத் தீவுகளுக்காக நடந்த யுத்தத்தில் இங்கிலாந்திடம் தோற்ற ஒரு தேசத்தின் குள்ளமான ஆட்டக்காரன் ஒருவன், அந்த இங்கிலாந்தின் ஆட்டக்காரர்களை வரிசையாக ஏமாற்றிக் கடந்து கோல் போட்டதைப் பார்த்த ஜனங்களுக்கு, தாங்களும் ஒரு காலத்தில் அதே இங்கிலாந்தின் பிரஜைகளாக இருந்தது மறந்தா போயிருக்கும்? ஆனால் அரசியலை மிகையாகவும் சொல்லக்கூடாது. ஆட்டம் அழகாக இருந்தது. அதுவே பிரதான காரணம்.

லுசைலில் அன்று ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷத்தில் பெனால்டி மூலம் மெஸ்ஸி முதல் கோலைப் போட்டார். அதற்குப் பிறகு முதல் பாதிக்குள்ளாகவே இன்னும் மூன்று தடவை பந்து சவூதி வலைக்குள் போயிற்று. மூன்று தடவையும் ஆஃப்சைடு என்று ரத்தாயிற்று. சவூதியின் பிரெஞ்சுப் பயிற்சியாளர் எர்வே ரெனார், தம் தற்காப்பு வரிசையைக் கோலிலிருந்து வெகு தூரம் முன்னே கொண்டுவந்து நிறுத்தி, அர்ஜென்டினாவின் முன்னணி வீரர்கள் ஓர் அடி அவசரப்பட்டால்கூடப் பொறியில் விழும்படி செய்திருந்தார். கூரையின் அடியில் 12 காமிராக்களும், பந்துக்குள்ளே வினாடிக்கு 500 தடவை சேதி அனுப்பும் ஒரு சிறு கருவியும் சேர்ந்து அந்த ஓர் அடியை அளந்து காட்டின. தொலைக்காட்சியில் பார்ப்பவனுக்கு உடனே படம் போட்டு விளக்கிவிடுகிறார்கள். மைதானத்தில் இருப்பவனுக்கோ, கூத்தாடிக் கட்டிப்பிடித்துக் கொண்டாடி முடித்த பிறகு, எதிர்ப்பக்கத்து ஆரவாரத்தைக் கேட்டுத்தான் தன் கோல் பறிபோனதே தெரிகிறது. கம்பிக்கு அப்பால் இருந்தவர் மூன்றாம் தடவை எழுந்திருக்கவில்லை. “இருங்க சார், கணக்குப் பாக்கட்டும்” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இடைவேளைக்குப் பின் நடந்ததை உலகமே அறியும். 48-ஆவது நிமிஷத்தில் சாலே அல் ஷெஹ்ரி. 53-ஆவது நிமிஷத்தில் சாலெம் அல் தவ்சரி. இந்த இரண்டாவது கோல் நான் இருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. பெட்டியின் இடது ஓரத்தில், சுற்றிலும் நீலவெள்ளைச் சட்டைகள் நெருக்கி நிற்க, அவர் ஒரு சுழற்சியில் தம்மைத் திருப்பிக்கொண்டு, வலது காலால் தூரத்து மூலையை நோக்கி வளைத்து அடித்த பந்து கோல்கீப்பரின் விரல்களில் உராய்ந்தும் நில்லாமல் உள்ளே போயிற்று. அவர் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டார். ஒருகணம் கழித்து எழுந்த ஓசையை வர்ணிக்க நான் முயலப்போவதில்லை. அன்று வந்திருந்தவர்கள் 88,012 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். அத்தனை பேரும் பச்சைச் சட்டைக்காரர்களோ என்று தோன்றிற்று. “மெஸ்ஸி எங்கே? மெஸ்ஸி எங்கே?” என்ற கோஷம் அரபியிலும் ஆங்கிலத்திலும் அரங்கைச் சுற்றி வந்தது. 2019-ஆம் ஆண்டு முதல் 36 ஆட்டங்களில் தோல்வியே காணாத அர்ஜென்டினா அன்று தோற்றது. சவூதி மன்னர் மறுநாளைப் பொது விடுமுறையாக அறிவித்தார்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பந்தயங்கள் ஆரம்பமாவதற்குச் சில நாட்கள் முன், தோஹாவின் கடற்கரைச் சாலையில் இங்கிலாந்து, பிரேஸில், அர்ஜென்டினா சட்டைகளை அணிந்து மேளம் கொட்டி ஊர்வலம் போன தெற்காசியர்களைப் படத்தில் பார்த்த ஐரோப்பியப் பத்திரிகைகள் சில, இவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களோ என்று சந்தேகம் தெரிவித்தன. ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ, இந்தியனைப் போல் தோற்றமுள்ளவன் இங்கிலாந்தை ஆதரிக்கக் கூடாதா என்று கோபித்துக்கொண்டார். அந்த மனிதர் பேசிய பல பேச்சுக்களில் நான் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒன்று அது. இதில் வேடிக்கை என்னவென்றால், விமானச் செலவும் தங்கும் செலவும் பெற்றுக்கொண்டு, நல்ல வார்த்தை சொல்வதாக வாக்களித்து வந்த ரசிகர்கள் நிஜமாகவே இருந்தார்கள். ஆனால் அவர்கள் போட்டியிடும் தேசங்களிலிருந்தே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பிறந்த தேசமும் போட்ட சட்டையும் பொருந்தியிருந்தபடியால் அவர்களிடம் யாரும் ரசீது கேட்கவில்லை.

அந்த மைதானங்களின் பின்னணியில் வேறொரு கணக்கும் இருக்கிறது. உலகக் கோப்பை கத்தாருக்கு அளிக்கப்பட்டது முதல் பத்தாண்டுகளில் தெற்காசியத் தொழிலாளர் 6,500-க்கு மேற்பட்டோர் அந்நாட்டில் மாண்டதாக ‘கார்டியன்’ பத்திரிகை 2021-இல் எழுதிற்று. எல்லா வேலைகளிலும் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்கள் அவை. அதற்குக் கற்பிக்கப்பட்ட அர்த்தத்தைக் கத்தார் அரசாங்கம் ஆட்சேபித்தது. விவாதம் எப்படியிருந்தாலும், ஆசனத்தின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று கணுக்காலில் வீச, வெயில் தெரியாமல் பந்தாட்டம் பார்க்கிற பாக்கியம் எவருடைய வியர்வையால் கிடைத்தது என்பதைப் பற்றி யோசிக்காமல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. கம்பிக்கு அப்பால் இருந்தவர் இந்தப் பேச்சை நான் எடுத்தபோது அதிகம் வளர்க்கவில்லை. தாம் சாரம் கட்டிய கட்டடங்களில் இந்த மைதானம் இல்லை என்றும், ஆனால் இதன் வேலைத்தரத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது என்றும், கூரையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் சவூதி வாலிபன் ஒருவன் தன் பச்சைத் துண்டை அவர் கழுத்தில் போட்டுவிட்டுச் சிரித்தான். அவர் அதை எடுத்து எறியவில்லை, நாலாக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, “நல்லாத்தான் ஆடுனான்க. சொல்லக்கூடாது” என்றார்.

அர்ஜென்டினா அதற்குப் பிறகு ஒரு தடவையும் தோற்காமல், டிசம்பர் 18-ஆம் தேதி அதே லுசைலில் பிரான்ஸைப் பெனால்டி முறையில் வென்று கோப்பையைத் தூக்கிற்று. வென்றதும் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் வங்கதேசத்துக்கும் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும், தனிப்படக் கேரளத்துக்கும் பெயர் சொல்லி நன்றி கூறிற்று. 1978-இல் மூடிய தன் டாக்கா தூதரகத்தை அர்ஜென்டினா அரசாங்கம் 2023 பிப்ரவரியில் மறுபடியும் திறந்தது. சோயா எண்ணெய் வியாபாரத்துக்கும் அதில் பங்கு உண்டென்பார்கள், இருக்கட்டும். தமிழ்நாட்டின் பெயர் எங்கும் வரவில்லையே என்று நான் குமரிக் கடற்கரைச் சிநேகிதருக்கு எழுதிக் கேட்டேன். பதில் உடனே வந்தது: “கேரளான்னு போட்டிருக்கான்ல சார். 1956 வரைக்கும் எங்க ஊரு திருவாங்கூர்க் கணக்குதானே. எங்களையும் சேத்துத்தான் சொல்லியிருப்பான்.”