பழவேற்காட்டில் படகு விடலாமா?

சுவிட்சர்லாந்து தேசத்தில் எங்கடின் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகள் கல் போல உறைந்துவிடும். ஜனங்கள் காலில் நீளமான பலகைகளை மாட்டிக்கொள்வார்கள். இரண்டு கையிலும் கோல். கோலை ஊன்றி ஊன்றி, ஏரியின் மேலேயே சறுக்கிக்கொண்டு போவார்கள்!

1969-ல் அங்கே ஒரு பந்தயம் தொடங்கினார்கள். மலோயா என்ற ஊரில் புறப்பட்டு, உறைந்த ஏரிகளைத் தாண்டி, 42 கிலோ மீட்டர் சறுக்கிப் போகவேண்டும். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். 10 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் பிழைப்புத் தேடி வெனிஸ் நகரத்துக்குப் போய், மிட்டாய் செய்து விற்றார்கள். இன்று வெளியூர்க்காரர்கள் அவர்களைத் தேடி வருகிறார்கள். பனி சோறு போடுகிறது!

நம்மிடம் பனி இல்லை. பழவேற்காடு ஏரி இருக்கிறது.

உப்பும் நன்னீரும் கலந்த ஏரிகளில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் இதுதான் பெரியது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். நீண்ட கழியை ஊன்றிப் படகைத் தள்ளலாம். கோல் ஊன்றும் வித்தையை நம் மீனவருக்குச் சுவிட்சர்லாந்துக்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். 1613-ல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் இடமும், அவர்களுடைய கல்லறைகளும் உண்டு. விடுமுறை நாளில் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வந்தவுடன் குழந்தைகள் கேட்பது என்ன? "படகில் போகலாம்!"

2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று அப்படிப் போன ஒரு படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் போய்விட்டார்கள். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. அன்றைய நிலையில் அந்தத் தடை சரியே. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால், தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பதாகப் பலமுறை செய்தி வந்தது. திருட்டுச் சவாரியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று யார் எண்ணுவது? மிதவைச் சட்டை எங்கே? ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது? எங்கடினில் பனிக்கட்டி போதிய கனமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கிறார்கள். கனம் போதாவிட்டால் ஒருவரையும் ஏரிமேல் விடுவதில்லை. கனம் சேர்ந்ததும் திறந்துவிடுகிறார்கள். ஏரியை நிரந்தரமாகப் பூட்டிவிடவில்லை.

இங்கேயும் அளந்து திறக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். அதை நடத்தும் பொறுப்பை வெளியூர் முதலாளியிடம் கொடுக்கக்கூடாது. மீனவக் குப்பங்களிடமே கொடுக்கவேண்டும்.

அவர்களிடம் இதற்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. அதன் பெயர் "பாடு". எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம் இது. இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. படகுச் சவாரிக்கும் இப்படி முறை வைத்தால், ஆள் பிடிக்கப் போட்டி ஏது? போட்டி இல்லாவிட்டால் 10 பேர் ஏறும் படகில் 20 பேரை யார் ஏற்றுவார்கள்?

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். பாட்டில் எல்லோருக்கும் பங்கு கிடையாது. தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அந்த முறையில் இடமில்லை. சவாரியில் அவர்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கவேண்டும். பழைய வழக்கம் என்று சொல்லி அவர்களை மறுபடியும் கரையில் நிறுத்தக்கூடாது.

மற்றபடி விதிகள் கடுமையாகவே இருக்கட்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று படகின் மேலேயே பெயிண்டால் எழுதவேண்டும். மிதவைச் சட்டை போடாதவருக்கு இடமில்லை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தின் பக்கம் போகவே கூடாது. அங்கே நீரின் இழுப்பு பொல்லாதது. 1980 முதல் இது பறவைகள் சரணாலயம். ஆகவே பறவை இருக்கும் இடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றித்தான் போகவேண்டும்.

முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் ஏரியில் மீனும் இறாலும் குறைந்துபோகும். அந்த நாட்களில் குப்பத்து வீடுகளில் அடுப்பு எரிய வேறு வழி வேண்டாமா? பூநாரைகள் அக்டோபர் வாக்கில் வரத் தொடங்கும். அதற்கு முன்பே கலெக்டரும் வனத்துறையும் குப்பத்துப் பெரியவர்களையும் இருளர்களையும் கூப்பிட்டுப் பேசவேண்டும்.