கடைசி நிமிட டப்பா!

2008. வீட்டு அறையை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடும் ‘ஏர்பிஎன்பி’ யோசனையோடு, சான் பிரான்சிஸ்கோவில் மூன்று இளைஞர்கள் முதலீடு தேடினார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் மறுத்தார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை.

கையில் காசில்லை. அதிபர் தேர்தல் நேரம். ஒபாமா, மெக்கெய்ன் பெயரில் காலை உணவு டப்பாக்களை 40 டாலருக்கு விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள்.

அடுத்து ‘ஒய் காம்பினேட்டர்’ நேர்காணல். பால் கிரஹாமுக்கு யோசனை பிடிக்கவில்லை. கிளம்பும்போது ஜோ கெபியா ஒரு டப்பாவை நீட்டி, கதையைச் சொன்னார். ‘இதையே 40 டாலருக்கு விற்றவர்கள், அந்நியர் வீட்டில் தங்கவும் ஆட்களைச் சம்மதிக்க வைப்பார்கள்’ என்று கிரஹாமுக்குத் தோன்றியது. வாய்ப்பு கிடைத்தது.

ஸ்லைடு அழகாக இருக்கட்டும். கூடவே, நீங்கள் செய்து காட்டிய ஒன்றும் கையில் இருக்கட்டும்!