முந்திக்கொண்டவருக்கே நீதிமன்றமா?

திருநெல்வேலியில் தாய்வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் புனேயிலிருந்து பதிவுத் தபால் வருகிறது. பிரித்தால் மராத்தியில் அச்சிட்ட சம்மன். கூடவே கணவர் போட்டிருக்கும் விவாகரத்து மனு. வாய்தாவுக்குப் போகாவிட்டால் அவர் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடும். போவதென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார வேண்டும். "கேஸை நம்ம ஊருக்கு மாத்த முடியாதா சார்?" என்று உள்ளூர் வக்கீலைக் கேட்டால், "அதுக்கு டெல்லியில டிரான்ஸ்ஃபர் பெட்டிஷன் போடணும்மா" என்கிறார். குடும்ப நீதிமன்றத்தின் படியைக்கூட மிதித்திராத ஒருத்தி, எடுத்த எடுப்பிலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இப்படி எத்தனையோ பெண்கள் அலைகிறார்கள். இது அநியாயம்.

இந்த அநியாயத்தைச் சட்டமே செய்கிறது என்பதுதான் கொடுமை. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவில் 2003-ல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் 1976-ல் நுழைந்த 21ஏ பிரிவு அப்படியே இருக்கிறது. கணவன், மனைவி இருவரும் வெவ்வேறு மாவட்டங்களில் விவாகரத்து கேட்டால், பிந்திய மனு முந்திய மனு இருக்கும் நீதிமன்றத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் விதி. 2003 ஒரு கையால் கொடுத்ததை 1976 மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது. முதலில் மனுப் போட்டவர் அதிகம் பாதிக்கப்பட்டவர் என்று பொருளில்லை. கையில் காசும் பக்கத்தில் வக்கீலும் இருந்தவர், அவ்வளவுதான். "நாம முந்திக்கணும்" என்று கட்சிக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பது சாமர்த்தியம் என்றே பல வக்கீல்கள் நினைக்கிறார்கள்.

வழக்கு இதே மாநிலத்துக்குள் இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலோ சென்னையிலோ மாற்றிக்கொள்ளலாம். மாநில எல்லை தாண்டிவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் மட்டுமே மாற்ற முடியும். உயர் நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே தீர்த்துச் சொல்லிவிட்டது. அங்கே வக்கீல் வைத்து மனுத் தாக்கல் செய்ய 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' ஒருவர் வேண்டும். தமிழிலும் மராத்தியிலும் இருக்கும் காகிதங்களை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவு. அந்த எளிய குடும்ப நீதிமன்றம் எந்த ஊரில் என்று முடிவாவதற்கே டெல்லி வக்கீலைத் தேட வேண்டியிருக்கிறது.

2022 நவம்பரில் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட், திருமணத் தகராறு தொடர்பான இடமாற்ற மனுக்கள் மட்டும் சுமார் 3,000 நிலுவையில் கிடப்பதாகச் சொல்லி, ஒவ்வொரு அமர்வும் தினமும் 10 மனுக்களை எடுக்க ஏற்பாடு செய்தார். இதே நீதிமன்றம் 2006-ல், பெண்களுக்குக் காட்டும் சலுகை தவறாகப் பயன்படுகிறது என்று சலித்துக்கொண்டது. 2022 ஜூலையில், பொதுவாக மனைவியின் வசதியைத்தான் பார்க்க வேண்டும் என்றது. பெரும்பாலும் கிடைக்கப்போகும் பதில் இதுதான் என்றால், அதைக் கேட்டு வாங்க ஒவ்வொருத்தியும் ஏன் தனித்தனியாக டெல்லி வரை போக வேண்டும்?

காணொலி வழியே விசாரிக்கலாமே என்று 2017 மார்ச்சில் ஒரு அமர்வு யோசனை சொன்னது. அக்டோபரிலேயே பெரிய அமர்வு அதை மாற்றியது: சமரச முயற்சி தோற்ற பிறகு, இருவரும் சம்மதித்தால் பார்க்கலாம் என்று. குடும்ப வழக்கில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உட்காருதல் யார் ஊரில் என்பதுதானே இங்கே வழக்கு.

ஆண்களுக்கும் நியாயம் இருக்கிறது. படுத்த படுக்கையான தாயை விட்டு நகர முடியாத மகன் உண்டு. இடமாற்ற மனுவில் இடைக்காலத் தடை விழுந்தால் அவர் வழக்கும் முடங்கும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிற 21பி பிரிவு ஏட்டோடு நிற்கும். அதனால்தான் இந்த முடிவை டெல்லிக்குத் தள்ளக் கூடாது என்கிறோம். 21ஏ பிரிவை நாடாளுமன்றம் திருத்தட்டும். சிறு பிள்ளைகள் எங்கே வளர்கிறார்களோ, மனைவி எங்கே வசிக்கிறாரோ, அந்த ஊரே முதல் உரிமை பெறட்டும். மறுப்பவர் காரணத்தை அந்த மாநில உயர் நீதிமன்றத்தில் நிரூபித்து மாற்றிக்கொள்ளட்டும்.

அதுவரை ஒன்று. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், இலவச சட்ட உதவி கேட்கலாம். உச்ச நீதிமன்றத்துக்கும் அதற்கென ஒரு குழு உண்டு. உள்ளூர் வட்ட சட்டப் பணிகள் குழுவில் போய் வழி கேட்கலாம். அதைச் சொல்லாமல் டெல்லிச் செலவுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடும் வக்கீலுக்கும் இந்த அநியாயத்தில் பங்கு உண்டு.