எண்ணெய் பூசினால் குண்டு பாயாதா?

தெய்வ அருள், மந்திர சக்தி என்பவைகளை நம்புகிறவர்கள், உகாண்டா நாட்டில் 1986, 1987ம் ஆண்டுகளில் நடந்த ஒரு சங்கதியைச் சற்று நிதானமாய் யோசித்துப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறோம்.

அந்நாட்டின் வடக்கே வாழ்பவர்கள் அச்சோலி மக்கள். வெள்ளைக்காரர் காலந்தொட்டு இவர்களில் ஏராளமானவர்கள் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார்கள். உள்நாட்டு யுத்தத்தில் 1986 ஜனவரியில் முசேவேனியின் படை தலைநகரான கம்பாலாவைப் பிடித்தது. தோற்ற அச்சோலி சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஊர் திரும்பினார்கள். 1971ல் இடி அமீன் ஆட்சியில் தங்கள் இனத்துச் சிப்பாய்கள் பாசறைகளிலேயே கொல்லப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. வடக்கே வந்த புதிய படையினரும் கொடுமைகள் செய்தார்கள். ஆகவே அம்மக்கள் பயந்ததும், ஆத்திரப்பட்டதும் நியாயமே என்று சொல்லுவோம்.

ஆனால் அந்த நியாயமான ஆத்திரம் போய்ச் சேர்ந்த இடம் எது? ஆலிஸ் அவுமா என்ற அம்மாள் தன்மேல் ‘லக்வெனா’, அதாவது தூதர் என்னும் ஆவி இறங்கியிருப்பதாகச் சொன்னார். அது நைல் நதியில் மூழ்கி இறந்த ஓர் இத்தாலிய அதிகாரியின் ஆவியாம்! 1986 ஆகஸ்டில் ‘பரிசுத்த ஆவிப் படை’ கிளம்பிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். ஷியா மரத்துக் கொட்டையின் எண்ணெயை மார்பில் பூசினால் குண்டு பாயாது. எறியும் கல் வெடிகுண்டாகும். மரத்தின் பின்னாலோ புற்றின் பின்னாலோ ஒளியக்கூடாது. பாட்டுப் பாடிக்கொண்டே நேரே நடக்க வேண்டும். இவை கட்டளைகள். திருடாதே, குடிக்காதே என்ற நல்ல கட்டளைகளும் இருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை.

முதலில் சில இடங்களில் வெற்றியும் கிடைத்தது. துப்பாக்கி பிடித்துப் பழகிய பழைய சிப்பாய்கள் இருந்தார்கள். எதிரிகளிலும் ஆவிக்கு அஞ்சி ஓடியவர்கள் உண்டு. ஆனால் புகழ் முழுவதும் எண்ணெய்க்கே போயிற்று. சரி, குண்டு பாய்ந்து செத்தவர்களுக்கு என்ன சமாதானம்? “அவன் கட்டளையை மீறிய பாவி” என்பதுதான். தோழர்களே! இதிலுள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். பிழைத்தால் ஆவியின் மகிமை. செத்தால் செத்தவன் குற்றம். இப்படிப்பட்ட கணக்கில் ஆவி என்றைக்காவது தோற்குமா?

ஆனால் படை தோற்றது. சொரோட்டி, டொரோரோ வழியாகத் தெற்கே இறங்கி, கம்பாலாவுக்குச் சுமார் 80 கிலோமீட்டரிலுள்ள ஜிஞ்சா நகரை நெருங்கியபோது, 1987ன் கடைசியில் சர்க்கார் பீரங்கிகள் அதைச் சிதறடித்தன. நம்பி நடந்த ஏழை வாலிபர்கள் மடிந்தார்கள். அம்மாளோ கென்யாவுக்குத் தப்பியோடி, அங்கே அகதி முகாமில் 2007 ஜனவரியில் இறந்தார்.

அதோடாவது தொலைந்ததா என்றால், இல்லை. அதே வடக்கில் ஜோசப் கோனி என்பவர் தன்மேலும் ஆவி இறங்குவதாகச் சொல்லி வேறொரு படை திரட்டினார். அது தன் சொந்த ஜனங்களின் பிள்ளைகளையே ஆயிரக்கணக்கில் கடத்திற்று. அதற்காக 2005ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவர்மீது வாரண்டு பிறப்பித்தது.

கொடுமையை எதிர்க்க வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. எதிர்க்கப் புறப்படுகிறவன் தன் புத்தியை ஒரு பூசாரியிடம் அடகு வைத்துவிட்டால், பழைய கொடுமை நீங்குவதில்லை. புதியதொரு கொடுமையும் வந்து சேருகிறது என்றுதான் சொல்லுகிறோம். குண்டுக்குப் பக்தனும் தெரியாது, பாவியும் தெரியாது. ஒளிந்துகொள்ள ஒரு புற்றாவது அனுமதிக்கப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள்!